கதவுக்கு அந்தப் பக்கம்

‘ட்ரெய்ன் டு பூசான்’ படத்தில் ஒரு மூதாட்டி கதவைத் திறக்கிறார். 2016இல் யோன் சாங்-ஹோ எடுத்த கொரியப் படம். அதில் எத்தனையோ பேர் எத்தனையோ கதவுகளை அடைக்கிறார்கள். அந்தப் பக்கம் நிற்பது சாவுதான் என்று தெரிந்தே திறப்பவர் அவர் ஒருவர்தான். சோலிலிருந்து பூசானுக்குப் பாயும் ரயிலில் முக்கால்வாசிப் பெட்டிகள் ஜாம்பிகளால் நிரம்பிவிட்டன. 15ஆம் பெட்டியில் மட்டும் கொஞ்சம் பேர் பிழைத்திருக்கிறார்கள். நடுவிலிருக்கும் பெட்டிகளை அடித்துப் புரண்டு கடந்து ஒரு சிறு கூட்டம் அவர்களிடம் வந்து சேர்கிறது. உள்ளே இருப்பவர்கள் கதவை இழுத்துக் கட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறார்கள். அந்தத் தாமதத்தில் வெளியே சிலர் சாகிறார்கள். அவர்களில் ஒருவர் இந்த மூதாட்டியின் அக்கா. மிஞ்சி உள்ளே நுழைந்தவர்களையும், இவர்களுக்குத் தொற்றியிருக்கும் என்று கத்தி அடுத்த முனைக்கு விரட்டிவிட்டு, அந்தக் கதவையும் கட்டிவிடுகிறார்கள். மூதாட்டி கண்ணாடி வழியே பார்க்கிறார். அந்தப் பக்கம் வெளுத்த கண்களோடு, நரம்பு கறுத்த முகத்தோடு, நெரிசலுக்குள் அக்கா நிற்கிறார். மூதாட்டி ஒருமுறை திரும்பிப் பெட்டிக்குள் இருப்பவர்களைப் பார்க்கிறார். வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறார். பிறகு கைப்பிடியை இழுத்துவிடுகிறார்.

அந்த நொடியில் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நல்லா வேணும் இவர்களுக்கு என்றுதான் தோன்றியது. படம் முடிந்து பல நாட்களுக்குப் பிறகும் உறுத்திக்கொண்டிருப்பது அந்த மகிழ்ச்சிதான். கதவைக் கட்டச் சொல்லித் தூண்டிவிட்டவர் ஒரு நிறுவன அதிகாரி. அவர் கழிவறைக்குள் புகுந்து தப்பிவிடுகிறார். கடிபட்டுச் செத்தவர்கள் மற்றவர்கள்: கட்ட உதவிய நாலைந்து பேரும், சும்மா உட்கார்ந்திருந்தவர்களும், பயத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டவர்களும். ஊருக்குப் போகப் பயணச்சீட்டு எடுத்து வந்த சாதாரண சனங்கள். ஒரு பெட்டி நிறைய ஆட்கள் சாவதைப் பார்த்து நியாயம் நடந்ததாக நான் நிம்மதி கொண்டேன். இந்த வகைக் கதைகள் நமக்குள் எந்த வேலையைச் செய்கின்றன என்ற சந்தேகம் அங்கிருந்துதான் பிடித்தது. ஜாம்பிக் கதை பார்க்கிற, படிக்கிற எவரும் தன்னை அந்தக் கூட்டத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. பிழைத்தவர்களில் பத்தோடு பதினொன்றாகத் தன்னைச் சேர்த்துக்கொண்டுதான் பார்க்கத் தொடங்குகிறோம். கணக்குப்படி அது அபத்தம். உலகத்தில் பெரும்பாலோர் செத்துப்போன கதையில் நானும் அந்தப் பெரும்பாலோரில் ஒருவராக இருப்பதற்குத்தானே வாய்ப்பு அதிகம்? அந்தக் கணக்கைப் போட விடாமல் தடுப்பதில் இந்தக் கதைகள் கெட்டிக்காரத்தனம் மிக்கவை. நாயகன் மருத்துவமனைக் கட்டிலில் கண்விழிக்கிறான். வெளியே வந்து பார்த்தால் உலகம் முடிந்துபோயிருக்கிறது. ‘28 டேஸ் லேட்டர்’ (2002) அப்படித்தான் தொடங்குகிறது, அடுத்த ஆண்டு வரத் தொடங்கிய ‘தி வாக்கிங் டெட்’ சித்திரக்கதையும் அப்படித்தான். இரண்டுக்கும் முன்பே, 1951இல், ஜான் விந்தம் தன் ‘தி டே ஆஃப் தி டிரிஃபிட்ஸ்’ நாவலை இப்படித் தொடங்கிவிட்டார். அந்த உறக்கம் எவ்வளவு வசதியானது! மக்கள் முட்டிமோதிய நாட்களில், யாருக்குக் கதவைத் திறந்தாய், யாருக்கு மூடினாய் என்ற கேள்வி எழுந்த நாட்களில், நம் ஆள் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கை சுத்தம்.

ஜாம்பி பிறந்த இடத்தில் பயம் இப்படி இருக்கவில்லை. ஹெய்ட்டி, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது, சென்-டொமிங் என்ற பெயரில் உலகத்துக்கே சர்க்கரை அனுப்பிய காலனி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களில் சாகச் சாக, புதிதாக ஆள் இறக்கி நடத்திய தொழில் அது. 1791இல் கிளர்ந்தெழுந்து 1804இல் அவர்கள் விடுதலையை எடுத்துக்கொண்டது வேறு கதை. செத்தால் கினிக்குத் திரும்பிவிடலாம், மூதாதையர் மண்ணுக்குப் போய்விடலாம் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அந்த வழியும் அடைபட்டவன்தான் ஜாம்பி: செத்த பிறகும் குழியிலிருந்து எழுப்பி வயலுக்கு ஓட்டப்படுபவன். ஜாம்பி வந்து கடித்துவிடும் என்று யாரும் நடுங்கவில்லை. நான் ஜாம்பியாக்கப்பட்டுவிடுவேனோ என்பதுதான் நடுக்கம். 1929இல் வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கர் ‘தி மேஜிக் ஐலண்ட்’ என்றொரு பயண நூல் எழுதினார். ஹெய்ட்டி அப்போது அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. 1915இல் நுழைந்தவர்கள் 1934இல்தான் வெளியேறினார்கள். சாலை போடக் கிராமத்து ஆட்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துப்போன ஆட்சி. சீபுரூக் கேட்டு எழுதிய ஒரு கதையில், மேஸ்திரி ஒருவன் ஜாம்பிக் கூட்டத்தைச் சர்க்கரைக் கம்பெனியின் கரும்புவெட்டுக்குக் கூட்டிவந்து, அவர்கள் கூலியையும் தானே வாங்கிக்கொள்கிறான். உப்பு நாக்கில் பட்டால் ஜாம்பிக்கு நினைவு திரும்பிவிடும் என்பதால் உப்பில்லாத கூழ்தான் சாப்பாடு. திருவிழா நாளில் மேஸ்திரியின் மனைவி, பாவம், இவர்களுக்கும் ஏதாவது நல்லது பொல்லாது கிடைக்கட்டுமே என்று சந்தையில் மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறாள். அதில் கிடந்த பருப்பில் உப்பு இருந்துவிட்டது. தாங்கள் செத்தவர்கள் என்பது அவர்களுக்கு விளங்கிவிடுகிறது. ஓலமிட்டபடி மலைக் கிராமத்துக்கு நடந்து போய்த் தங்கள் குழிகளைக் கையால் தோண்டுகிறார்கள். சீபுரூக் கொஞ்சம் ஜோடித்து எழுதுகிறவர்தான். ஆனாலும் கூலியை மேஸ்திரி வாங்கிக்கொள்ளும் அந்தச் சங்கதியை ஒரு சுற்றுலாப் பயணியால் கற்பனை செய்திருக்க முடியாது என்று எனக்குப் படுகிறது. மூன்றாண்டு கழித்து வந்த ‘ஒயிட் ஜாம்பி’ படத்தில் சர்க்கரை ஆலைக் காட்சி ஒன்று உண்டு. செக்கைச் சுற்றுகிற ஜாம்பிகளுக்கு மேலே கரும்புக் கூடை சுமந்து வரும் ஒருவன் தடுமாறி அரவைக்குள் விழுகிறான். யாரும் தலைதூக்கிப் பார்ப்பதில்லை. மரச் செக்கின் கிறீச்சொலி மட்டும் அதே தாளத்தில் தொடர்கிறது.

இந்தப் பயத்தைப் புரட்டிப்போட்டவர் ஜார்ஜ் ரொமேரோ. 1968இல் வெளிவந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் நகருக்குச் சற்று வடக்கே, இடிக்கக் காத்திருந்த ஒரு பண்ணைவீட்டில் எடுக்கப்பட்டது. சுமார் 1,14,000 டாலர் செலவு. கறுப்பு வெள்ளைப் படமென்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு போதுமானதாக இருந்தது. இதைப் பார்க்கும்போது என் காதில் நிற்பது அலறல் இல்லை, சுத்தியல் சத்தம். பென் என்ற கறுப்பின மனிதன் அந்த வீட்டுக்குள் வந்ததும் மேசையை உடைக்கிறான், கதவுகளைப் பெயர்க்கிறான், கையில் அகப்பட்ட பலகையையெல்லாம் சன்னலில் வைத்து ஆணி அடிக்கிறான். அந்த ஆணியடிப்புக்குப் படம் அவ்வளவு நேரம் ஒதுக்குகிறது. பின்னாள் படங்களில் சாகசமாகிவிட்ட இந்த வேலை இங்கே வெறும் கைவேலையாக இருக்கிறது. அடித்தளத்து அறையில் மனைவியோடும் கடிபட்ட மகளோடும் பதுங்கியிருக்கிற ஹாரி கூப்பர் மேலே வருகிறார். கீழே போய்க் கதவடைத்துக்கொள்வோம் என்கிறார் கூப்பர். மேலேயே நிற்போம் என்கிறான் பென். வெளியே செத்தவர்கள் கூடிக்கொண்டிருக்க, உள்ளே இவர்கள் வீட்டுக்கு யார் பெரியவர் என்று அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் பென் கூப்பரைச் சுடுகிறான். இதில் எனக்குத் தீராத ஒன்று உண்டு: முடிவில் பென் பிழைப்பது கூப்பர் சொன்ன அதே அடித்தள அறைக்குள் போய்த்தான். நாம் வெறுத்த ஆள் சொன்னது சரியாகிவிடுகிறது. படம் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை, அப்படியே விட்டுவிட்டுப் போகிறது. காலையில் ஷெரிப்பின் ஆட்கள் நாய்களோடும் துப்பாக்கிகளோடும் வயல்வெளி வழியே வருகிறார்கள். மனிதக் குரல் கேட்டு பென் மேலே வந்து சன்னலோரம் எட்டிப் பார்க்கிறான். அந்தப் பக்கத்திலிருந்து தெரிவது இருட்டறையில் அசையும் ஓர் உருவம். ஒரே குண்டு, நெற்றியில். பிறகு பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. பின்னால் செய்தித்தாள் படங்களைப் போலப் புள்ளி புள்ளியான புகைப்படங்கள்: கசாப்புக் கொக்கிகள், இழுக்கப்படும் உடல், விறகு அடுக்கு. பென் பாத்திரம் கறுப்பினத்தவருக்கென்று எழுதப்பட்டதில்லை. நடிப்புத் தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ் நன்றாகச் செய்தார், எடுத்துக்கொண்டோம் என்று ரொமேரோ சொல்லிவந்தார். படச்சுருளைக் காரில் வைத்துக்கொண்டு நியூயார்க் போகும் வழியில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதையும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். எடுத்தவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, அந்த ஆண்டு அமெரிக்காவில் அந்தப் புகைப்படங்களைப் பார்த்த எவருக்கும் அவை எதைப் போலிருக்கின்றன என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இரவு முழுக்கப் பென் சாதாரண மனிதன்தான். நாம் அவனோடு ஆணி அடித்தோம், அவனோடு வானொலி கேட்டோம். வெளியே இருப்பவர்களை ஜாம்பிகள் என்று தீர்மானித்திருந்தோம், அவர்களில் ஒருவர் அந்த வீட்டில் ஒளிந்திருக்கும் பெண்ணின் அண்ணன் என்று தெரிந்தபோதும்கூட. காலையில் துப்பாக்கிக்காரன் செய்தது நாம் இரவெல்லாம் செய்த அதே காரியம். தூரத்தில் நிற்கிறான், பேசவில்லை, அசைவு சந்தேகமாக இருக்கிறது, சுடு. ஹெய்ட்டிக்காரரின் பயத்தில் ஜாம்பி நானாக இருந்தேன். ரொமேரோவுக்குப் பிறகு ஜாம்பி பக்கத்து வீட்டுக்காரராகிவிட்டார். கரும்புவெட்டுக்காரனின் பயம் தோட்டக்காரனின் பயமாக மாறிவிட்டது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. எண்ணிக்கையில் அதிகமானவர்கள், பேச்சற்றவர்கள், பசித்தவர்கள், ஒருநாள் வீட்டைச் சூழ்ந்துகொள்வார்கள் என்ற பயம் எசமானனுடையது. அடிமைக்கு அது வந்திருக்க வாய்ப்பில்லை. ரொமேரோவுக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த முடிவை வைத்திருக்க மாட்டார். அவருக்குப் பின் வந்த பலர் வீட்டையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு முடிவை விட்டுவிட்டார்கள். மேக்ஸ் புரூக்ஸ் 2003இல் பிழைக்கும் வழிகளை விளக்கி ஒரு கையேடே எழுதினார். வேடிக்கைதான், ஆனால் முகத்தைச் சுளிக்காமல் எழுதப்பட்ட வேடிக்கை. 2011இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே, ஜாம்பி வந்தால் என்ன செய்வது என்ற சாக்கில் புயலுக்கும் வெள்ளத்துக்கும் தண்ணீர், மருந்து, மின்கல விளக்கு சேர்த்துவைக்கச் சொல்லி எழுதியது. ஆர்வக்கோளாறில் குவிந்த வாசகர்களால் அந்தப் பக்கம் முடங்கிப்போனது. நம் ‘மிருதன்’ (2016) ஊட்டியில் ஒரு போக்குவரத்துக் காவலரைச் சாதாரண மனிதராக நிறுத்திப் பார்த்தது. ஆனால் தமிழ்ப் படத்துச் சாதாரண மனிதன் சீக்கிரமே குறி தவறாமல் சுடக் கற்றுக்கொண்டுவிடுகிறான். அவனுக்குப் பயப்பட நேரமிருப்பதில்லை.

கதைதானே என்று விட்டுவிடலாம். ஜாம்பி நிஜமாகவே கடிக்கிறது, கதவைத் திறந்தால் சாவு என்பதும் அந்தக் கதைக்குள் உண்மை. அதை மறந்துவிட்டு நியாயம் பேசுவது சுலபம் என்றும் எனக்கே தோன்றுவதுண்டு. ஆனால் கதைக்கு வெளியே, கடிக்காத இடத்திலும் கதவுகள் அப்படியே அடைபடுகின்றன. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஓர்லியன்ஸ் நகரம் நீரில் கிடந்தபோது, மிஸ்ஸிஸிப்பி ஆற்றுப் பாலம் வழியே அடுத்த கரையிலிருக்கும் கிரெட்னாவுக்குத் தப்பிச் செல்ல ஒரு கூட்டம் நடந்தது. அந்தப் பக்கம் பேருந்துகள் நிற்கின்றன என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலும் கறுப்பினத்தவர், முதியவர்கள், கைக்குழந்தைகள். கிரெட்னா போலீசார் பாலத்தில் நின்றுகொண்டு அவர்கள் தலைக்கு மேலே சுட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மக்கள் தங்கவைக்கப்பட்டிருந்த சூப்பர்டோம் அரங்கில் கொலையும் வன்புணர்வும் தலைவிரித்தாடுவதாக அந்த நாட்களில் பரவிய செய்திகள் பெரும்பாலும் புரளி என்று பிறகு தெரிந்தது. ரெபெக்கா சோல்னிட் இந்தப் பேரிடரையும் இன்னும் சிலவற்றையும் ஆராய்ந்து 2009இல் எழுதிய நூலில் காட்டுவது, பேரழிவில் சாதாரண மக்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் சோறு போடுகிறார்கள், படகு ஓட்டுகிறார்கள் என்பதை. கூட்டம் வெறிபிடித்து வரும் என்ற பீதி அதிகாரத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் பிடிக்கிறது என்பதை. படிக்க ஆறுதலாக இருக்கிறது. முழுதாக நம்பத்தான் முடியவில்லை. ஏனென்றால் 2020 ஏப்ரலில் சென்னையில் நடந்ததை நாம் பார்த்தோம். கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்யக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது ஒரு கூட்டம் கல்லும் கட்டையுமாகத் துரத்தியது. ஆம்புலன்ஸ்காரர்களுக்கு மண்டை உடைந்தது. சக மருத்துவர் ஒருவர் ராத்திரியில் இரண்டொருவர் துணையோடு திரும்பிவந்து மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். பெட்டிக்குள் கிடந்தவர் எழுந்து யாரையும் கடிக்கப்போவதில்லை என்று கல்லெறிந்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அவர்கள் ரௌடிகள் இல்லை, அந்தத் தெருவாசிகள். காலையில் பால் வாங்கி, கைத்தட்டச் சொன்னபோது மாடியில் நின்று மருத்துவர்களுக்காகக் கைத்தட்டியவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். அதிகாரத்தின் பீதி மட்டும்தான் என்று சொல்லிவிட்டால் அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன என்பதற்குப் பதில் இல்லை. 15ஆம் பெட்டியை எழுதியவருக்கு அந்தப் பதில் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

கொரியர்களுக்கு அந்தப் பெட்டி வெறும் கற்பனையாக இருந்திருக்காது. 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் கப்பல் சாய்ந்துகொண்டிருந்தபோது, இருந்த இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. கேப்டன் முதலில் வந்த மீட்புப் படகில் ஏறிவிட்டார். 304 பேர் போனார்கள், பெரும்பாலோர் ஒரே பள்ளியின் பிள்ளைகள். இரண்டே ஆண்டில் வந்த படம் இது. தொலைக்காட்சியில் அரசாங்கம் அமைதி காக்கச் சொல்லும்போது அங்குள்ள அரங்குகளில் இருந்தவர்களுக்கு எது நினைவுக்கு வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் கடைசிக் காட்சி. ஒரு சிறுமியும் கர்ப்பிணி ஒருத்தியும் பூசானுக்கு முன்னால் உள்ள சுரங்கப்பாதைக்குள் நடந்து வருகிறார்கள். மறுமுனையில் இராணுவம். குறிபார்க்கும் வீரனின் கண்ணாடியில் இருட்டில் தள்ளாடும் இரண்டு உருவங்கள்தான் தெரிகின்றன. தொற்றா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. சுட்டுவிடு என்று உத்தரவு வருகிறது. அப்போது சிறுமி அழுதுகொண்டே பாடுவது கேட்கிறது, பள்ளி விழாவில் அப்பாவுக்காகப் பாட முடியாமல் போன பாட்டு. துப்பாக்கி இறங்குகிறது. பென் செத்ததற்கும் இவள் பிழைத்ததற்கும் நடுவே இருப்பது அந்தப் பாட்டு ஒன்றுதான். இதை நம்பிக்கையான முடிவு என்று பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு வயிறு கலங்கியது. பாடத் தெரியாதவர், தொண்டை கட்டியவர், வேற்றுமொழிக்காரர், பயத்தில் வாயடைத்துப்போனவர் அந்தச் சுரங்கத்தில் வந்திருந்தால்? உயிரோடிருப்பதை நிரூபிக்கும் பொறுப்பு குண்டுக்கு எதிரே நடந்து வருபவர் தலையில்தான் விழுகிறது.

இந்த வகையில் என்னை அதிகம் தொந்தரவு செய்த நாவல் கோல்சன் வொயிட்ஹெட்டின் ‘ஸோன் ஒன்’ (2011). நாயகனை எல்லோரும் மார்க் ஸ்பிட்ஸ் என்று கூப்பிடுகிறார்கள், பட்டப்பெயர். எதிலும் முன்னே நிற்காதவன், எதிலும் தோற்காதவன், வாழ்நாள் முழுக்க நடுத்தர மதிப்பெண் வாங்கி வந்தவன். அந்த நடுத்தரம்தான் அவனைக் காப்பாற்றுகிறது: உலகமே நடுத்தரமாகச் சரிந்துபோனபோது பழகிய தரையில் நிற்பவன் அவன். மன்ஹாட்டனின் தென்முனையில், கேனல் தெருவுக்குக் கீழே உள்ள கட்டடங்களில் மிஞ்சிய ஜாம்பிகளைத் துடைத்தெடுப்பது அவன் குழுவின் வேலை. கடிக்க வருகிறவை தவிர இன்னொரு வகையும் அங்கே இருக்கிறது. அவை யாரையும் துரத்துவதில்லை. ஏதோ ஓரிடத்தில் அப்படியே நின்றுவிடுகின்றன. நகலெடுக்கும் இயந்திரத்தின் மூடியைத் தூக்கியபடி ஒருவன் நிற்கிறான். ஆண்டுகளாகத் தூசி படிந்த அலுவலகத்தில், மின்சாரம் போன இயந்திரத்தின் முன்னால், எந்தத் தாளுக்காகவோ. ஏன் இந்த இடம், ஏன் வீடு இல்லை, ஏன் காதலித்தவளின் வாசல் இல்லை என்று நாவல் கேட்டுக்கொண்டே போகிறது, விடை தருவதில்லை. அவர்களையும் சுட வேண்டும், அதுதான் விதி. சுடுவதற்கு முன் குழு அவர்களுக்குப் பெயர் வைத்து வேடிக்கை செய்கிறது. படித்த பிறகு ஒவ்வொரு வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் வரிசையில் நிற்கிற எல்லோரையும் அதற்கு முன்பு பார்த்தது போலப் பார்க்க முடியவில்லை, என்னையும் சேர்த்துத்தான். ஸ்பிட்ஸ் கறுப்பினத்தவன் என்பதை நாவல் கடைசிப் பக்கங்களை நெருங்கும்போதுதான், ஒரு பேச்சுவாக்கில், சொல்கிறது. அதுவரை வாசகர் தன் மனதுக்குப் பட்ட முகத்தை அவனுக்கு வைத்திருப்பார். அந்தப் பகுதியைக் காத்த சுவர் இடிந்து தெருவெல்லாம் செத்தவர்கள் நிரம்பிய பிறகு அவனும் கதவைத் திறந்துகொண்டு அந்தக் கூட்டத்துக்குள் இறங்கிவிடுகிறான். எதற்கு என்று வொயிட்ஹெட் சொல்வதில்லை. தற்கொலை என்று வாசித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ரொமேரோவின் அந்த முதல் படத்துக்குக் காப்புரிமை கிடையாது. வெளியிடும் தறுவாயில் தலைப்பை மாற்றிய விநியோகக்காரர்கள் புதிய தலைப்பு அட்டையில் காப்புரிமைக் குறிப்பைச் சேர்க்கத் தவறிவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அதுவே போதும், படம் பொதுச்சொத்தாகிவிட்டது. இணையத்தில் முழுதாக, காசில்லாமல் கிடைக்கிறது. 96 நிமிடம். பார்க்கிறவர்கள் துப்பாக்கி வெடித்ததும் படம் முடிந்தது என்று நிறுத்திவிட வேண்டாம். பெயர்களுக்குப் பின்னால் வரும் அந்தப் புகைப்படங்களையும் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.